ரிசார்ட்டில் பார்க்கிங் கிடைக்க எப்போது போகலாம்?

கூட்டமான ரிசார்ட்டில் அறை போட்டிருந்தால், செக்-இன் நேரத்துக்குப் போகாமல் செக்-அவுட் முடிகிற நேரத்துக்கே காரோடு போய்விடுங்கள். அறை தயாராக இல்லாவிட்டாலும் பரவாயில்லை, பெட்டிகளை வரவேற்பில் ஒப்படைத்துவிட்டு சாப்பிடப் போகலாம்.

பல ஹோட்டல்களில் செக்-அவுட் காலை 11 அல்லது 12 மணி, செக்-இன் மதியம் 2 அல்லது 3 மணி. கிளம்பியவர்கள் விட்டுப்போன இடங்கள் இந்த இடைவெளியில்தான் சும்மா கிடக்கும். அதன்பிறகு புதிதாக வருகிறவர்கள், சாயங்காலம் சாப்பாட்டுக்கும் விசேஷத்துக்கும் வருகிற வெளியாட்கள் எல்லாரும் சேர்ந்துகொண்டால் கடைசி மூலைகூட மிஞ்சாது, அறைக்கு முழுப் பணம் கட்டியவர்தான் தெருவில் சுற்ற வேண்டியிருக்கும் (இதைவிட எரிச்சலான விஷயம் விடுமுறையில் வேறு இல்லை). அப்புறம், கிடைத்த பார்க்கிங் இடத்தைச் சாயங்காலம் விடாதீர்கள். பக்கத்தில் எங்காவது போவதென்றால் நடந்தோ வாடகை வண்டியிலோ போய் வருவது மேல்.

வண்டியை அவர்களே வாங்கி நிறுத்துகிற வேலே பார்க்கிங் மட்டும் உள்ள இடத்தில் இதனால் பெரிய பலன் இல்லை. அறைச் சாவி கையில் வந்தால்தான் பார்க்கிங் பாஸ் என்கிற ஹோட்டலிலும் அப்படித்தான். மணிக்கணக்கில் கட்டணம் வாங்கினால் சீக்கிரம் போவது செலவைக் கூட்டும். பகலில் கல்யாணமோ மாநாடோ நடக்கும் நாளில் இந்தக் கணக்கே தப்பிவிடும், அதனால் முந்தின நாளே போன் செய்து நிகழ்ச்சி ஏதாவது இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள்.