ஆக்ஸென்ட்டை விடுங்கள், 'எஸ்' எங்கே சொல்கிறீர்கள் என்று பாருங்கள்

வெளிநாட்டு வேலைக்காக ஓ.இ.டி. பரீட்சைக்கு, அதாவது மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வுக்குத் தயாராகும் நர்ஸ்கள் என்னிடம் முதலில் கேட்பது, "எனக்கு பிரிட்டிஷ் ஆக்ஸென்ட் வராதே, பாஸாவேனா?" என்பதுதான். வர வேண்டாம். ஸ்பீக்கிங்கில் பார்ப்பது பேச்சு புரிகிறதா என்றுதான், நீங்கள் லண்டனில் பிறந்தவரா என்று இல்லை. யூடியூப் பார்த்து நாக்கைச் சுழற்றிப் பேசப் பழகுபவர்களின் பேச்சு பல நேரம் முன்பைவிடக் குழப்பமாகத்தான் ஆகிறது. நோயாளிக்கு ஆபத்து வருவது வேறு இடங்களில், அதுவும் தமிழில் ரொம்ப சரியாக யோசித்து அப்படியே ஆங்கிலத்தில் சொல்லும் இடங்களில்.

நைட் டியூட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். டாக்டர் கேட்கிறார்: "யூ ஹேவன்ட் கிவன் த ஹெப்பரின் யெட்?" ஹெப்பரின் ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுப்பது, நீங்கள் இன்னும் கொடுக்கவில்லை. "இன்னும் கொடுக்கலையே?" என்று தமிழில் கேட்டால் "ஆமா டாக்டர், கொடுக்கலை" என்போம், அந்த 'ஆமா'தான் வாயில் 'எஸ்' என்று வந்து விழுகிறது. ஆங்கிலக் காதுக்கு அந்த 'எஸ்'ஸின் பொருள் 'கொடுத்துவிட்டேன்'. அவர் தலையாட்டிவிட்டு அடுத்த பெட்டுக்குப் போய்விடுவார், நோயாளிக்கு அந்த டோஸ் போகாது. இதற்கு இலக்கணப் புத்தகம் தேவையில்லை, வெறும் எஸ், வெறும் நோ சொல்வதை நிறுத்தினால் போதும்: "நோ, ஐ ஹேவன்ட் கிவன் இட்" என்று முழு வாக்கியம். நோயாளியிடம் நீங்கள் கேட்கும்போதும் அப்படித்தான். "யூ டோன்ட் ஹேவ் எனி அலர்ஜி, நோ?" என்று கேட்காதீர்கள், அதற்கு எந்தப் பதில் வந்தாலும் சந்தேகம்தான். "ஆர் யூ அலர்ஜிக் டு எனிதிங்?" என்று நேராகக் கேளுங்கள். அப்புறம் நம்முடைய அந்தப் பக்கவாட்டுத் தலையாட்டல் இருக்கிறதே, அதை அங்கே பலர் 'இல்லை' என்றுதான் எடுத்துக்கொள்வார்கள்.

அடுத்தது எண்கள். ஃபிஃப்டீன், ஃபிஃப்டி. நாம் வேகமாகச் சொல்லும்போது இரண்டுமே 'பிப்டி' போலத்தான் கேட்கும், போனில் இன்னும் மோசம். ஆங்கிலத்தில் 15-க்கு 'டீன்' நீளும், அழுத்தமும் அதில்தான். 50-க்கு அழுத்தம் முன்னால், கடைசி 'டி' குறுகிவிடும். இதைப் பழகுங்கள், ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். இன்சுலின் என்றால் "ஃபிஃப்டீன் யூனிட்ஸ், ஒன் ஃபைவ்" என்று இலக்கம் இலக்கமாகவும் சொல்லிவிட்டு, எதிர்முனையில் இருப்பவரைத் திருப்பிச் சொல்ல வையுங்கள். இதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் கிடையாது. அமெரிக்காவில் 1989-இல் ஒமிப்ரசோல் என்ற வயிற்று அமில மருந்து 'லோசெக்' என்ற பெயரில்தான் விற்பனைக்கு வந்தது. அங்கே இருந்தவர்களே அதை, சிறுநீர் பிரியக் கொடுக்கும் 'லேசிக்ஸ்' என்று குழப்பிக்கொண்டதால் 1990-இல் பெயரை 'பிரைலோசெக்' என்று மாற்றினார்கள். ஆங்கிலம் தாய்மொழியாக இருப்பவர்களுக்கே இந்தக் கதி என்றால் நாம் ஏன் கூச்சப்பட வேண்டும்?

ஹைப்போ (குறைவு), ஹைப்பர் (அதிகம்) இரண்டுக்கும் இதே கதைதான். அவசரத்தில் 'ஹைப்போடென்ஷன்' என்று சொல்வதைவிட "பிபி இஸ் லோ, எய்ட்டி ஓவர் ஃபிஃப்டி" என்பது மேல். ஸ்ட்ரோக் வார்டில் டிஸ்ஃபேஜியா, டிஸ்ஃபேசியா இரண்டுமே வரும். முதலாவது விழுங்குவதில் சிரமம், மற்றது பேச்சில் சிரமம். 'டிஃபிகல்ட்டி ஸ்வாலோயிங்' என்று கூடவே சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

நம் வாய்க்கே உரிய ஒரு பழக்கமும் உண்டு. எலும்பை 'யெலும்பு' என்றும் ஒன்றை 'வொண்ணு' என்றும் சொல்லிப் பழகியதால், 'இயர்' என்ற காது 'யியர்' என்று வருடமாகிவிடும், 'ஓரல்' என்பது 'வோரல்' ஆகும். காது வலியைக் கேட்கப் போய் "யியர் பெயின்?" என்றால் எத்தனை வருடமாக வலி என்று கேட்கிறீர்களா என அவர் முழிப்பார். 'டேப்லெட்டு', 'பெட்டு' என்று கடைசியில் உகரம் ஒட்டுவது காதில் விழும், ஆனால் அதனால் யாருக்கும் எதுவும் ஆகாது, மெல்லத் திருத்திக்கொள்ளலாம்.

இலக்கணத்தில் 'ஏ', 'த' எங்கே போடுவது என்று மண்டையை உடைத்துக்கொள்பவர்கள் வினைச்சொல்லின் காலத்தை, அதாவது டென்ஸைக் கோட்டை விடுகிறார்கள். நோயாளியை வேறு டாக்டரிடம் அனுப்பும் ரெஃபரல் கடிதத்தில் "ஹீ வாஸ் ஆன் மெட்ஃபார்மின் ஃபார் டென் இயர்ஸ்" என்று எழுதினால் பத்து வருடம் எடுத்தார், இப்போது இல்லை என்று அர்த்தம். இப்போதும் எடுக்கிறார் என்றால் "ஹேஸ் பீன் ஆன்". ஒரே ஒரு வினைச்சொல், ஆனால் அதை வைத்துத்தான் அடுத்த டாக்டர் சர்க்கரை மருந்து தொடர்கிறதா நின்றுவிட்டதா என்று முடிவெடுப்பார். 'சின்ஸ் டூ டேஸ்' என்பதும் நம் ஊர்ச் சரக்கு. 'ஃபார் டூ டேஸ்' அல்லது 'சின்ஸ் மண்டே'. அப்புறம் 'அவங்க' என்ற சொல்லில் ஆண், பெண் பேதம் இல்லாததால் பேச்சு வேகத்தில் அம்மாவை 'ஹீ' ஆக்கிவிடுவோம். டியூட்டி மாறும்போது அடுத்த நர்ஸிடம் விவரம் ஒப்படைக்கும் ஹேண்டோவரில் இரண்டு நோயாளிகளைப் பற்றி அடுத்தடுத்துச் சொல்லும்போது இது நிஜமாகவே குழப்பும்.

அதிகம் பேர் கவனிக்காத ஒன்று, மரியாதை. தமிழில் 'உட்காருங்க', 'வாயைத் திறங்க', 'சட்டையைக் கழட்டுங்க' என்கிறோம். அந்த 'ங்க'தான் மரியாதை முழுவதையும் சுமக்கிறது. ஆங்கிலத்துக்கு மாற்றும்போது அது மட்டும் கீழே விழுந்துவிடுகிறது: "சிட். ஓப்பன் மவுத். ரிமூவ் ஷர்ட்." நீங்கள் பணிவாகச் சொன்னதாக நினைப்பீர்கள், எதிரில் இருக்கும் பாட்டிக்கு அது போலீஸ் அதட்டல் மாதிரி இருக்கும். எவ்வளவு அழகான உச்சரிப்பும் இதைக் காப்பாற்றாது. "குட் யூ ஓப்பன் யுவர் மவுத் ஃபார் மீ, ப்ளீஸ்?" என்பதைத் தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்லும் அளவுக்குப் பழகுங்கள். அங்கே 'ங்க' வேலையைச் செய்வது அந்த 'குட் யூ'தான்.

சில சொற்களையும் விட்டுவிட்டுப் போக வேண்டும். 'மோஷன் போனீங்களா' என்பதற்கு பிரிட்டனில் "ஹேவ் யூ ஓப்பன்ட் யுவர் பவல்ஸ்?" என்பார்கள். மாத்திரையை 'ஈட்' செய்ய மாட்டார்கள், 'டேக்'. சந்தேகம் கேட்பதற்கு 'டவுட்' வேண்டாம், 'குவெஸ்சன்' போதும். "ஐ ஹேவ் எ டவுட்" என்றால் டாக்டர் சொன்னதை நீங்கள் நம்பவில்லை என்று கேட்கும். இறந்தவரின் குடும்பத்தாரிடம் 'எக்ஸ்பயர்ட்' என்று சொல்லவே சொல்லாதீர்கள், பால் பாக்கெட்டுக்குச் சொல்வது போல இருக்கும். "ஐ ஆம் ஸோ சாரி, ஹீ ஹேஸ் டைட்." நேராக, மெதுவாக.

பயிற்சிக்கு ஒரு கற்பனை ஹேண்டோவரைப் போனில் ரெக்கார்டு செய்யுங்கள், நிஜ நோயாளியின் விவரம் எதுவும் வேண்டாம். மருத்துவம் தெரியாத ஒருவரிடம் அதைக் கொடுத்து, யாருக்கு எவ்வளவு மருந்து, கொடுத்தாயிற்றா இல்லையா என்று மட்டும் எழுதச் சொல்லுங்கள். அவர் தப்பாக எழுதும் இடத்திலிருந்து ஆரம்பியுங்கள்.