டிசம்பர் 25 அல்ல, 24: ஜெர்மனிக்குக் குழந்தைகளோடு வருபவர்களுக்கு

முகவரிப் பதிவு, மருத்துவக் காப்பீடு, வங்கிக் கணக்கு ஆகியவற்றைப் பற்றி வேலைக்குச் சேரும் இடத்திலேயே சொல்லிவிடுவார்கள். முகவரியை முதலில் பதிந்துவிட்டால் மற்றவை நகரத் தொடங்கும். எவரும் சொல்லாதது, டிசம்பரில் இங்குள்ள குழந்தைகளுக்குப் பரிசு கொண்டுவருபவர் யார், எப்போது வருகிறார் என்பதுதான். கிறிஸ்தவர் அல்லாத குடும்பங்களும் இதை அறிந்திருப்பது நல்லது. கிண்டர்கார்டனில் அந்த மாதம் முழுவதும் பிள்ளைகளுக்கு வேறு பேச்சே இருப்பதில்லை.

முதலில் வருபவர் நிக்கோலாஸ். இன்றைய துருக்கியிலுள்ள மைராவில் 4 ஆம் நூற்றாண்டில் ஆயராக இருந்த இவருடைய திருநாள் டிசம்பர் 6. முந்தைய இரவு பிள்ளைகள் தங்கள் பூட்ஸைத் துடைத்து வாசலில் வைப்பார்கள். காலையில் அதற்குள் மாண்டரின் ஆரஞ்சு, வால்நட், சாக்லேட் இருந்தால் போதும்.

பெரிய பரிசு 24 ஆம் தேதி மாலையில் வருகிறது. தெற்கிலும் மேற்கிலும் பெரும்பாலும் அதைக் கொண்டுவருவது கிறிஸ்ட்கிண்ட், பொன்னிறக் கூந்தலும் வெள்ளுடையும் கொண்ட, தேவதை போன்ற குழந்தை. வடக்கிலும் கிழக்கிலும் வைனாக்ட்ஸ்மான் என்னும் வெண்தாடிக்காரர். புனிதர் வணக்கத்தை எதிர்த்த 16 ஆம் நூற்றாண்டுப் புராட்டஸ்டன்ட் சீர்திருத்தச் சபையினர் நிக்கோலாஸுக்கு மாற்றாக முன்னிறுத்திய கிறிஸ்ட்கிண்டை இன்று கத்தோலிக்கப் பகுதிகள்தாம் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கின்றன.

மியூனிக்கில் என் நண்பர் மாட்டிக்கொண்டது ஆளில் அல்ல, நேரத்தில். ‘25 காலையில்தான் பரிசு பிரிப்பார்கள்’ என்று இங்கு பல ஆண்டுகளாக இருக்கும் நம்மவர் ஒருவர் அடித்துச் சொல்லியிருக்கிறார். ஹாலிவுட் படங்களைத் தவிர அவருக்கு வேறு ஆதாரம் இருந்திருக்காது. தீபாவளிக்கு முந்தைய இரவு பத்து மணிக்கும் ரங்கநாதன் தெருவில் துணி எடுத்துப் பழகிய நண்பர், 24 பிற்பகலில் நிதானமாகக் கடைவீதிக்குப் போனார். அன்று கடைகளை அதிகபட்சம் பிற்பகல் 2 மணிக்கு மூடிவிட வேண்டும் என்பது இங்கே சட்டம். 25, 26 இரண்டும் பொது விடுமுறை. மாலையில் எதிர்வீட்டில் சிறுமணி ஒலித்தது. கிறிஸ்ட்கிண்ட் வந்துபோனதன் அடையாளம் அது. அதுவரை பூட்டியிருந்த அறையை அப்போதுதான் திறப்பார்கள். சற்று நேரத்தில் அந்த வீட்டுப் பிள்ளைகள் புது ஸ்கேட்டிங் காலணிகளைக் காட்ட மாடிப்படியில் ஓடிவர, ‘எனக்கு ஏன் வரவில்லை’ என்று நண்பரின் மகள் கேட்டாள். நண்பர் பெட்ரோல் நிலையத்துக்கு ஓடி, கார் வாசனைத் திரவியங்களுக்கு நடுவே தொங்கிய பொம்மை லாரி ஒன்றைக் கொள்ளை விலைக்கு வாங்கிவந்தார். ஆகவே பரிசுகளை டிசம்பர் நடுவிலேயே வாங்கி ஒளித்து வையுங்கள். பாலும் அரிசியும்கூட 23 ஆம் தேதியே வீட்டில் இருக்கட்டும். ஏதேனும் விட்டுப்போனால் பெட்ரோல் நிலையமும் பெரிய ரயில் நிலையக் கடைகளும்தான் கதி.

குழந்தை கடிதம் எழுத விரும்பினால், ஏங்கல்ஸ்கிர்ஹனில் கிறிஸ்ட்கிண்டுக்கும் ஹிம்மல்ஃபோர்ட்டில் வைனாக்ட்ஸ்மானுக்கும் தபால் நிறுவனத்தின் கிறிஸ்துமஸ் அஞ்சலகங்கள் உண்டு. நேரத்தோடு அனுப்பினால் பதில் வரும். ஆனால் இங்குத் தபால்காரர் வீட்டு எண்ணோடு பெட்டியிலுள்ள பெயரையும் பார்த்தே கடிதத்தைப் போடுவார். நம் வீடுகளில் தந்தைக்கு ஒரு கடைசிப் பெயர், குழந்தைக்கு வேறொன்று என்றிருப்பதால், குழந்தையின் பெயரையும் தபால் பெட்டியில் ஒட்டிவிட்டுக் கடிதத்தை அனுப்புங்கள்.