அரும்பொருள் தரவுத்தளத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் கூத்துக் கிரீடங்களான முடிகளையும் ஏட்டுச் சுவடிகளையும் வேளாண்மைக் கருவிகளையும் சேர்த்து வைத்திருக்கும் பாடசாலையோ கோயிலோ ஊர்ச் சங்கமோ தன் பதிவேட்டைக் கணினிக்கு மாற்ற நினைத்தால், எந்த மென்பொருள் நல்லது என்ற கேள்விதான் முதலில் எழுகிறது. சேகரிப்பைக் குழப்புவது பெரும்பாலும் மென்பொருளன்று. பதிவு செய்யும் முறையே.

முதல் தவறு இலக்கத்தில் நேர்கிறது. பொருள் வந்து சேர்ந்த ஆண்டையும் அவ்வாண்டின் வரவு வரிசையையும் புள்ளியிட்டு எழுதுவது உலகெங்கும் உள்ள வழக்கம். 2024 ஆம் ஆண்டின் பத்தாவது வரவுக்கு 2024.10 என்று எக்செலில் தட்டினால், அது அதனைத் தசம எண்ணாகக் கொண்டு 2024.1 என்று மாற்றிவிடும். பத்தாவது வரவும் முதலாவது வரவும் ஒரே இலக்கத்தில் நிற்கும். தட்டத் தொடங்கும் முன்னரே இலக்கத்துக்குரிய நிரலை எழுத்து (Text) வடிவத்துக்கு மாற்றிவிட வேண்டும், ஏனெனில் பின்னர் மாற்றினால் போன பூச்சியம் திரும்பாது. கைவிட்ட பொருளின் இலக்கத்தை வேறொன்றுக்குக் கொடுப்பதும் அதன் பதிவை அழிப்பதும் கூடாது; நீக்கப்பட்ட நாளையும் காரணத்தையும் எழுதிப் பதிவை அப்படியே வைத்திருக்க வேண்டும்.

அடுத்தது, தொகுதியை ஒரு பொருளாக எண்ணுவது. மரபுக் கூத்து வகைகளுள் ஒன்றான வடமோடிக் கூத்தின் அரச உடுப்பை ஒரே வரியில் எழுதிவிட்டால், முடி ஓர் அறையிலும் இடையில் விரிந்து நிற்கும் கரப்புடுப்பு வேறோர் அறையிலும் இருப்பதைப் பதிவு காட்டாது. சுவடிக் கட்டிலும் ஏடுகளை எண்ணி எழுதாவிட்டால், இரண்டு ஏடுகள் காணாமற் போனதை யாரும் அறியமாட்டார்கள்.

நம் பகுதியில் அடிக்கடி எதிர்ப்படும் தொல்லை பழைய பாமினி எழுத்துரு. அதில் தட்டியது திரையில் தமிழாகத் தெரிந்தாலும் கணினிக்குள் ஆங்கில எழுத்துகளாகவே கிடக்கிறது. இன்றைய பொதுக் குறிமுறையான யூனிகோடில் ‘சுவடி’ என்று தேடினால் ஒன்றும் அகப்படாது. பழைய பட்டியலை முழுவதும் மாற்றிய பின்னரே புதியதைச் சேர்க்க வேண்டும். பெயர்களிலும் ஒருமை தேவை: ஒருவர் உடுக்கு என்றும் மற்றவர் உடுக்கை என்றும் எழுதினால் தேடல் பாதியைத்தான் தரும்.

கொடுத்தவர் சொன்ன காலத்தைத் தீர்ந்த உண்மையாக எழுதுவதும் பெருந்தவறு. ‘கண்டி மன்னர் காலத்தது’ என்ற கூற்றை, சொன்னவர் பெயருடனும் நாளுடனும் தனி நிரலில் இட வேண்டும். பொருள் திருவிழாவுக்கோ கண்காட்சிக்கோ வெளியே போனால், இடமாற்றத்தை அன்றே பதிய வேண்டும். திரும்பி வந்ததும் எழுதலாம் என்று விட்டால், எழுதப்படுவதே இல்லை.

1978 சூறாவளியையும் 2004 ஆழிப்பேரலையையும் கண்ட கரையில், கணினியையும் அதன் பிரதி உள்ள பென் டிரைவையும் ஒரே அலுமாரியில் வைப்பதை என்னவென்று சொல்வது? மூன்று பிரதிகள், இரு வகை ஊடகங்களில். அவற்றுள் ஒன்று கடற்கரையிலிருந்து விலகிய வேறோர் ஊரில். அந்தப் பிரதியை ஆண்டுக்கு ஒருமுறையாவது வேறு கணினியில் திறந்து, படங்களும் உரிய பதிவுகளோடு வருகின்றனவா என்று பார்க்க வேண்டும்.