வர்ச்சுவல் டூர் ஒன்று, லிங்க் இரண்டு: எம்.எல்.எஸ்.ஸில் மாட்டாமல் வீட்டைக் காட்டுவது எப்படி?

டெக்சாஸில் ரியல் எஸ்டேட் ஏஜென்ட் லைசென்ஸ் எடுத்து முதல் லிஸ்டிங் (விற்றுத்தரச் சொல்லி ஒப்படைக்கும் வீடு) கைக்கு வந்த ஜோரில், வீட்டைச் சுற்றிக் காட்டும் வீடியோவை யூடியூபில் ஏற்றி, அந்த ஒரே லிங்க்கை எம்.எல்.எஸ். (விற்பனைக்கு வரும் வீடுகளை ஏஜென்ட்கள் பதிந்து தங்களுக்குள் பகிரும் தரவுத்தளம்), ஃபேஸ்புக், வாட்ஸ்அப் என்று எல்லா இடத்திலும் ஒட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போனேன். மூன்றாம் நாள் விதிமீறல் மெயில் வந்தது. திருத்திப் போட்டேன். அடுத்த வாரம் அதே வீட்டுக்கு இன்னொரு மெயில். முதல் மெயிலின் காரணம் ஐந்து நிமிடத்தில் புரிந்துவிட்டது, இரண்டாவதைக் கண்டுபிடிக்க ஒரு முழுச் சாயங்காலம் போயிற்று. உங்களுக்கு அந்தச் சாயங்காலமாவது மிச்சமாகட்டும்.

லிஸ்டிங் ஒப்பந்தம், எம்.எல்.எஸ்.ஸில் பதிவு போடும் முறை எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். நான் இருப்பது டாலஸ் பக்கம், அதனால் மாநில விதி என்று சொல்லும் இடமெல்லாம் டெக்சாஸ் விதி. நாடு முழுக்க நூற்றுக்கணக்கில் எம்.எல்.எஸ். இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் தனி விதிப்புத்தகம். உங்களுடையதைத் திறந்து ‘வர்ச்சுவல் டூர்’ என்று தேடிப் படித்துவிடுங்கள், பெரும்பாலும் ஒரு பத்திதான் இருக்கும்.

முதலில் இந்தக் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள்

எம்.எல்.எஸ்.ஸுக்குள் போகும் டூரில் உங்கள் பெயர் இருக்கக்கூடாது. வெளியே போகும் டூரில் உங்கள் பெயர் இல்லாமல் இருக்கக்கூடாது. அவ்வளவுதான் விஷயம், ஆனால் இது மண்டையில் ஏற எனக்கு இரண்டு மெயில் தேவைப்பட்டது.

காரணம் ரொம்ப எளிது. நீங்கள் எம்.எல்.எஸ்.ஸில் போடும் படமும் டூரும் மற்ற ஏஜென்ட்களின் இணையதளங்களுக்கும் போகின்றன. வேறொரு ஏஜென்ட் தன் கஸ்டமருக்கு அந்த வீட்டைக் காட்டும்போது உள்ளே உங்கள் போன் நம்பர் பளிச்சென்று தெரிந்தால் அவர் சும்மா இருப்பாரா? அதனால்தான் அங்கே ‘அன்பிராண்டட்’, அதாவது பெயரும் நம்பரும் இல்லாத டூர் மட்டும் என்கிறார்கள். வெளியே நிலைமை நேரெதிர். டெக்சாஸ் ரியல் எஸ்டேட் கமிஷனின் 535.155 விதிப்படி விளம்பரத்தில் ஏஜென்ட் பெயரும் வேண்டும், அவர் யாருக்குக் கீழே வேலை செய்கிறாரோ அந்தப் புரோக்கர் பெயரும் வேண்டும். அந்தப் புரோக்கர் பெயர், விளம்பரத்தில் உள்ள ஏஜென்ட்டின் தொடர்பு விவரங்களில் எது பெரிய எழுத்தோ அதில் பாதி அளவாவது இருக்க வேண்டும். சமூக ஊடகப் பதிவென்றால் இந்த விவரங்கள் உங்கள் புரொஃபைல் பக்கத்தில் இருந்தாலும் போதும், பதிவிலிருந்து அங்கே நேராகப் போக வழி இருந்தால் சரி. ஆகவே ஒரே லிங்க்கை இரண்டு இடத்திலும் போட்டால் ஏதாவது ஒரு பக்கம் கட்டாயம் தப்பு.

படம் எடுக்கும் முன்

போட்டோ என்றால் நான்கு மூலையை ஒதுக்கினால் போதும். டூரில் பார்ப்பவர் எங்கே வேண்டுமானாலும் திரும்பலாம், கிட்டே போய்ப் பெரிதாக்கியும் பார்க்கலாம். முதன்முதலில் என்னிடம் வீட்டை விற்கக் கொடுத்த அக்கா டூரைப் பார்த்துவிட்டுச் சொன்னது: “தம்பி, வீடு நல்லா வந்திருக்கு, ஆனா பையனோட நீச்சல் கிளாஸ் எந்தக் கிழமை, எத்தனை மணின்னு ஊருக்கே தெரியுதே.” ஃப்ரிட்ஜ் கதவில் காலண்டர். அன்றிலிருந்து கேமராவை எடுக்கும் முன் ஃப்ரிட்ஜ் கதவு, மேஜை மேல் கிடக்கும் தபால், மருந்து டப்பா, சுவரில் மாட்டிய பட்டம், அலாரம் பெட்டி இவற்றைத்தான் முதலில் பார்ப்பேன். தப்பித்தவறி விழுந்துவிட்டால் மேட்டர்போர்ட்டில் (வீட்டை முப்பரிமாண டூராக்கித் தரும் சேவை) மங்கலாக்கும் வசதி இருக்கிறது, ஆனால் எடுத்து வைப்பது இரண்டு நிமிட வேலை.

டிரோன் பறக்கவிட ஆசையிருந்தால், வியாபாரத்துக்குப் பறக்கவிட அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்.ஏ.ஏ.வின் பார்ட் 107 சான்றிதழ் வேண்டும். மச்சான் வாங்கிய டிரோன் என்பதெல்லாம் கணக்கில் வராது.

எந்தக் கருவி

என் கட்சி மேட்டர்போர்ட். பெரிய வீட்டுக்கு அதில் வரும் பொம்மை வீடு போன்ற காட்சியைப் பார்த்துத்தான் வாங்குபவர்கள் மயங்குகிறார்கள். சின்ன டவுன்ஹவுஸுக்கு, வீடு தேடும் தளமான ஜில்லோவின் இலவச த்ரீடி ஹோம் ஆப்பும் ஒரு போனும் போதும். யூடியூப் வீடியோவை எம்.எல்.எஸ்.ஸுக்குப் பயன்படுத்தவே பயன்படுத்தாதீர்கள் என்பேன். ‘அன்லிஸ்டட்’ என்று வைத்தாலும் சேனல் பெயர் தெரியும், என் சேனல் பெயரே என் பெயர்தான். முதல் மெயில் வந்தது அதற்குத்தான். வீடியோதான் வேண்டுமென்றால் விமியோ பாருங்கள், அதில் பெயரையும் படத்தையும் மறைக்க வழி உண்டு.

இரண்டு லிங்க் எடுப்பது

மேட்டர்போர்ட்டில் ஷேர் செய்யும்போது வரும் முகவரிதான் உங்கள் வெளி லிங்க். அதையே எடுத்து, கடைசியில் &பிராண்ட்=0 என்று சேர்த்தால் (அந்தச் சொல்லை ஆங்கிலச் சின்ன எழுத்தில், இடைவெளி விடாமல் அடிக்க வேண்டும்) உங்கள் பெயர், கம்பெனி, போன் எல்லாம் மறைந்துவிடும். இதைவிடக் கறாரானது &எம்எல்எஸ்=1. நான் எப்போதும் இரண்டாவதைத்தான் போடுகிறேன். இரண்டு லிங்க்கையும் ஒரு நோட்டில் ‘உள்ளே’, ‘வெளியே’ என்று எழுதி வைத்துக்கொண்டு அங்கிருந்து மட்டும் காப்பி செய்யுங்கள், பிரவுசரிலிருந்து நேராக எடுத்து ஒட்டினால் ஒருநாள் மாறிப்போகும்.

நான் வழுக்கி விழுந்த இடம்

யூடியூப் லிங்க்கை எடுத்துவிட்டு, போட்டோகிராஃபர் செய்து கொடுத்த 360 டிகிரி டூரின் அன்பிராண்டட் லிங்க்கைப் போட்டிருந்தேன். மூலைகளில் பெயர் இல்லை, கீழே பட்டையில் போன் இல்லை, எல்லாம் சுத்தம். பிறகு எதற்கு இரண்டாவது மெயில்? ஒவ்வொரு அறையாகப் போய்ப் பார்த்தேன், கண்ணாடியில் யாராவது தெரிகிறார்களா, சுவரில் ஸ்டிக்கர் இருக்கிறதா என்றெல்லாம் தேடிக் களைத்து, மவுஸைக் கீழே இழுத்தபோது காட்சி தரையைப் பார்த்துத் திரும்பியது. கேமரா ஸ்டாண்டின் கால்களை மறைக்க, தரையில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு வட்டம். அதில் போட்டோகிராஃபரின் லோகோ, சுற்றிலும் வளைந்து ஓடும் அவரது இணைய முகவரி. மொத்தம் பதினெட்டு இடத்தில் நின்று எடுத்திருந்தார், பதினெட்டிலும் தட்டு.

லிங்க்கில் என்ன ஒட்டினாலும் முகப்பில் இருக்கும் பெயர்தான் மறையும், படத்துக்குள்ளேயே இருப்பது மறையாது. டூருக்குள் ஆங்காங்கே வைக்கும் குறிப்புப் புள்ளிகளும் இப்படித்தான். ‘புது ஏ.சி., விவரத்துக்கு அழைக்கவும்’ என்று நீங்களே நம்பரோடு அதில் தட்டி வைத்திருந்தால் பிராண்ட் பூஜ்யம் வந்து காப்பாற்றாது.

அதனால் போடும் முன் இப்படிச் சரிபாருங்கள். இன்காக்னிட்டோ ஜன்னலில் ‘உள்ளே’ லிங்க்கைத் திறங்கள், ஏனென்றால் உங்கள் கணக்கில் லாகின் ஆகியிருந்தால் தெரிவது வேறு. ஒவ்வொரு நிற்கும் இடத்திலும் குனிந்து தரையைப் பாருங்கள், எல்லாப் புள்ளியையும் அழுத்துங்கள், வீடியோ என்றால் கடைசி நொடிவரை ஓடவிடுங்கள், முடிவு அட்டையில்தான் லோகோ பதுங்கியிருக்கும். முகவரியையும் படியுங்கள், அதில் உங்கள் பெயரிலான தளம் இருந்தாலே போதும், பல எம்.எல்.எஸ்.களில் அதுவும் பிராண்டிங்தான். போனிலும் ஒருமுறை.

வாயைக் கட்டுவது

டூரின் தலைப்பு, குறிப்பு, குரல் வர்ணனை எல்லாமே விளம்பரம்தான். 1968-இன் ஃபேர் ஹவுசிங் சட்டம் இனம், நிறம், மதம், பாலினம், பூர்விக நாடு, ஊனம், குழந்தைகளோடு இருக்கும் குடும்பம் ஆகிய ஏழின் பேரில் ஆள் பார்த்து வரவேற்பதையும் ஒதுக்குவதையும் விளம்பரத்தில் தடுக்கிறது. நம் ஆட்கள் சறுக்குவது வாட்ஸ்அப்பில்தான். “நம்ம ஊர்க்காரங்க நிறைய இருக்கிற ஏரியா, இந்துக் குடும்பத்துக்கு ஏத்த வீடு” என்று தமிழில் எழுதினால் யாருக்குத் தெரியப்போகிறது என்ற நினைப்பு வேண்டாம், தமிழில் எழுதினாலும் விளம்பரம் விளம்பரம்தான். நான் வைத்திருக்கும் அளவுகோல், வீட்டைப் பற்றி மட்டும் பேசு, அதில் யார் குடியேற வேண்டும் என்று பேசாதே. கிழக்கு பார்த்த வாசல் வீட்டைப் பற்றிய தகவல், தாராளமாகச் சொல்லலாம்.

காலி அறைப் படத்தில் கணினியால் சோபா வரைந்து போட்டிருந்தால் அதை வெளிப்படையாகச் சொல்லுங்கள். ஜன்னலுக்கு வெளியே தெரியும் மின்கம்பியை அழிப்பதெல்லாம் என் பார்வையில் பொய். கலிஃபோர்னியாவில் 2026 ஜனவரி 1 முதல், இப்படி மாற்றிய படத்துக்கு மாற்றியது என்ற குறிப்பும் மூலப் படத்தைப் பார்க்க வழியும் தர வேண்டும் என்று சட்டமே வந்துவிட்டது.

எப்போது பகிரலாம்

டூர் தயாரானதும் கை அரிக்கும். பொறுங்கள். தேசிய ரியல்டர் சங்கத்தின் 2020-லிருந்து நடப்பில் உள்ள கொள்கைப்படி, பொதுமக்களுக்கு விளம்பரப்படுத்தினால் ஒரு வேலை நாளுக்குள் எம்.எல்.எஸ்.ஸில் பதிவாக வேண்டும். வியாழன் ராத்திரி ஃபேஸ்புக்கில் ‘விரைவில்’ என்று டூரைப் போட்டுவிட்டு, அடுத்த புதன்கிழமை லிஸ்டிங் போடுவது மாட்டிக்கொள்ளும் வழி. விற்பவர் தாமதமாக விளம்பரப்படுத்த விரும்பினால் அதற்கென்று 2025-இல் தனி ஏற்பாடு வந்திருக்கிறது, எழுத்தில் கையெழுத்து வாங்க வேண்டும், புரோக்கரைக் கேட்டுச் செய்யுங்கள். நானூறு பேர் உள்ள வாட்ஸ்அப் குழு பொதுவா தனிப்பட்டதா என்று என்னிடம் கேட்டால், பொது என்றே எடுத்துக்கொள்வேன்.

பின்சேர்க்கை 1: ஒரு வாசகர் எழுதியிருந்தார், தரையெல்லாம் பார்த்தேன், ஆனாலும் மெயில் வந்தது என்று. வாசலில் நின்று எடுத்த முதல் காட்சியில் யார்டு சைன் (வீட்டு முன் நடும் விற்பனை போர்டு), அதில் அவர் முகமும் நம்பரும். போர்டு நடுவதற்கு முன்பே வெளிப்புறம் எடுத்துவிடுங்கள்.

பின்சேர்க்கை 2: வாங்குபவரின் ஏஜென்ட்டுக்கு இத்தனை சதவீதம் கமிஷன் என்று டூரின் குறிப்பில் போடலாமா என்று இரண்டு பேர் கேட்டார்கள். 2024 ஆகஸ்ட் 17-க்குப் பிறகு அந்தப் பேச்சு எம்.எல்.எஸ்.ஸில் எந்த ரூபத்திலும் கூடாது, அங்கே போகும் டூரில் அறவே வேண்டாம்.

பின்சேர்க்கை 3: பழைய லிஸ்டிங்கின் டூரை, அடுத்து வந்த ஏஜென்ட் எடுத்துப் போடலாமா? கூடாது. எடுத்த போட்டோகிராஃபர் எழுத்தில் உரிமையை மாற்றித் தராதவரை பதிப்புரிமை பொதுவாக அவருடையது, உங்களுக்கு இருப்பது பயன்படுத்தும் அனுமதி. அவர் தரும் தாளில் எத்தனை நாள், எந்தெந்தத் தளம் என்று என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பணம் கொடுக்கும் முன் படியுங்கள். நான் இப்போது அதிலேயே ‘தரையில் லோகோ வேண்டாம்’ என்றும் ஒரு வரி சேர்க்கச் சொல்லிவிடுகிறேன்.

வீடு விற்றதும் வேலை முடியவில்லை. என்னிடம் வாங்கிய ஒருவர் குடிபோய் அரை வருடம் கழித்துக் கூப்பிட்டு, “எங்க படுக்கையறைக்குள்ள இன்னும் யார் வேணா நடந்து போகலாம் போலிருக்கே” என்றார். மேட்டர்போர்ட்டில் டூரை பிரைவேட் ஆக்க ஒரு நிமிடம் கூட ஆகாது. க்ளோசிங் (வீடு கைமாறும்) தேதியைக் காலண்டரில் குறிக்கும்போதே அதற்குக் கீழே இதையும் குறித்துவிடுங்கள், ஃபேஸ்புக்கில் போட்ட பதிவையும் சேர்த்து.