ட்வின் சிட்டி தொடர்ப வச்சு சீனாவுல வியாபாரம் பிடிக்கிறது எப்படி?

பிரிட்டன்ல சின்ன கம்பெனி வச்சிருக்கீங்க, சீனாவுல யாரையும் தெரியாதுன்னா மொதல்ல உங்க ஊரோட ட்வின் சிட்டி, அதாவது ரெண்டு ஊர் நிர்வாகமும் நட்பு ஒப்பந்தம் போட்டு ஜோடியா இருக்குற சீன ஊர், எதுன்னு பாருங்க, மான்செஸ்டர்னா 1986ல இருந்து வூஹான், லிவர்பூல்னா 1999ல இருந்து ஷாங்காய், பர்மிங்காம்னா குவாங்சோ. உங்க கவுன்சில்ல இன்டர்நேஷனல் விஷயம் பாக்குறவங்களுக்கு மெயில் போட்டு, அந்த ஊர் வெளிவிவகார ஆபீஸ்ல அறிமுகம் கேளுங்க, ஏன்னா அங்க ட்வின் சிட்டி (சிஸ்டர் சிட்டின்னும் சொல்லுவாங்க) வேலையெல்லாம் அவங்க கையிலதான்.

எடுத்த எடுப்புல ரேட் பேசாதீங்க. கல்ச்சர், காலேஜ் வழியா நுழையுறதுதான் சுலபம்னு நான் சொல்லுவேன், லிவர்பூல் சைனாடவுன் வளைவையே ஷாங்காய்ல இருந்து துண்டு துண்டா கப்பல்ல கொண்டாந்து 2000ல நிறுத்துனாங்க, நாட்டிங்காம் யுனிவர்சிட்டி 2004லயே சீனாவோட நிங்போ ஊர்ல கேம்பஸ் ஆரம்பிச்சிருச்சு.

வீசாட், அதாவது சீனாவுல மெசேஜ் அனுப்ப பயன்படுத்துற ஆப், கண்டிப்பா போட்டுக்கோங்க. சீனப் புத்தாண்டு சமயத்துலயும் அக்டோபர் மொத வாரமும் லீவு, பதில் வரலன்னா கோச்சுக்காதீங்க.