சீனர்கள் எழுதிய ரோமை வாசிப்பது எப்படி? புதியவர்களுக்கு

ரோமைப் பற்றிப் பழைய சீனர்களுக்கு என்ன தெரியும் என்று தேடத் தொடங்குகிறீர்களா? நேராக மூலத்துக்கே போங்கள், சில பக்கங்கள்தான்.

படி 1: 5ஆம் நூற்றாண்டில் ஃபான் யே தொகுத்த 'ஹௌ ஹான்ஷூ' வரலாற்றின் 88ஆம் அத்தியாயத்தை எடுங்கள், மொழிபெயர்ப்பே போதும். அதில் ரோமுக்குப் பெயர் 'தா சின்'.

படி 2: நோட்டில் நெடுக்குக் கோடு போட்டு மூன்று பத்தியாகப் பிரியுங்கள்: செய்தி, சொன்னவர், சொன்னவருக்கு என்ன ஆதாயம். மூன்றாவதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.

படி 3: கான் யிங்கில் ஆரம்பியுங்கள். கி.பி. 97இல் தளபதி பான் சாவ் இவரைத் தா சின்னுக்கு அனுப்ப, இவரும் அதுவரை எந்தச் சீனரும் போகாத தூரம் போய் மேற்குக் கடல் கரையில் நிற்கிறார். அங்கே (இன்றைய ஈரான் பக்கத்தை ஆண்ட) பார்த்திய அரசின் மாலுமிகள், நல்ல காற்று அடித்தால் மூன்று மாதம், இல்லாவிட்டால் இரண்டு வருடம்கூட ஆகும், மூன்று வருடத்துக்குச் சாப்பாடு கட்டிக்கொண்டுதான் ஏறுவோம், ஊர் நினைப்பிலேயே செத்தவர்களும் உண்டு என்கிறார்கள். திரும்பிவிட்டார். சரி, இதில் அவர்களுக்கு என்ன ஆதாயம்? அதே அத்தியாயமே சொல்கிறது: தா சின் அரசர்கள் அன்றைய சீனாவின் ஹான் அரசோடு நேரடித் தொடர்பை விரும்பினார்கள், சீனப் பட்டு வியாபாரம் கைவிட்டுப் போகாமலிருக்கப் பார்த்தியர்கள் வழியை மறித்தார்கள். இந்த இரண்டு இடங்களையும் சேர்த்து வாசிக்கும்போது கான் யிங்கை நினைத்து எனக்கு மனசு கனத்துப்போகும்.

படி 4: நம்ப முடியாததை அடித்துவிடாதீர்கள். அரண்மனையில் படிகத் தூண்கள், பேரிடர் வந்தால் மாற்றப்படும் அரசன், பதவி போனாலும் கோபப்படாதவன் என்றெல்லாம் வரும். நல்ல அரசு எப்படி இருக்கவேண்டும் என்ற சீனர்களின் ஆசை அதில் தெரிகிறது.

படி 5: கி.பி. 166க்கு வாருங்கள். 'ஆன்துன்' அரசனின் தூதர்கள் இன்றைய மத்திய வியட்நாம் வழியாக வந்து யானைத் தந்தம், காண்டாமிருகக் கொம்பு, ஆமை ஓடு கொடுக்கிறார்கள். ஆன்துன் என்பது அந்தோனினஸ். அப்போதைய ரோமப் பேரரசர் மார்கஸ் ஒரேலியஸுக்கும் அந்தப் பெயர் உண்டு. ஆனால் பொருள்களைப் பாருங்கள், எல்லாமே இந்தியாவிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் கிடைப்பவை. அரிய பொருள் எதுவும் இல்லையே என்று நூலே சந்தேகப்படுகிறது. தூதர் என்று சொல்லிக்கொண்ட வணிகர்கள் என்றே நானும் நினைக்கிறேன்.

படி 6: அப்புறம் எதிர்ப்பக்கமும் பாருங்கள். ரோம எழுத்தாளர் பிளினி, பட்டு என்பது மர இலையிலிருந்து சீவி எடுப்பது என்று எழுதினார். மேகாங் டெல்டாவில் ஓக் ஏயோ என்ற இடத்தில் ரோமப் பேரரசர்கள் அந்தோனினஸ் பயஸ், மார்கஸ் ஒரேலியஸ் காலத்துத் தங்கப் பதக்கங்கள் கிடைத்தன. வரைபடத்தில் அதைக் குறித்து, 166இல் வந்தவர்களின் கடல்வழியை அதன்மேல் வரையுங்கள்.