"பயமா இருக்கு சிஸ்டர்" என்று நோயாளி சொன்னால்

ஆபரேஷனுக்கு முந்தின நாள் ராத்திரி இப்படிச் சொல்பவரிடம் "ஒண்ணும் ஆகாது, தைரியமா இருங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடாதீர்கள், அதற்கு மேல் அவர் வாயே திறக்க மாட்டார். ஸ்டூலை இழுத்துப்போட்டு அவர் முகத்துக்கு நேராக உட்கார்ந்து, "எதை நினைச்சும்மா பயமா இருக்கு?" என்று கேளுங்கள். அப்புறம் கொஞ்ச நேரம் பேசாமல் இருங்கள். இதுதான் ரொம்ப முக்கியம், அவசரப்பட்டு நாமே பதில் எடுத்துக் கொடுக்கக் கூடாது. பாதியில் மயக்கம் தெளிந்துவிடுமோ என்பார், இல்லை வீட்டில் பிள்ளையை யார் பார்த்துக்கொள்வார்கள் என்பார். மயக்கம் பற்றிய பயம் என்றால் மயக்க மருத்துவரிடம் சொல்லி, தியேட்டருக்குக் கொண்டுபோகும் முன் அவரையே வந்து பேசச் சொல்லுங்கள். பிள்ளை கவலை என்றால் வீட்டுக்கு ஒரு போன் போட்டுக் கொடுங்கள். கேஸ் ஷீட்டிலும் நோயாளி சொன்ன வார்த்தையிலேயே எழுதிவையுங்கள், டியூட்டி மாறி வருபவருக்கு உதவும்.